பௌத்தமும் உளநூலும்

திருகோணமலைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ளது குச்சவெளி. அங்குள்ள பாறையொன்றில் வடமொழிச் சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கின்றது. கலாநிதி செனரத் பரணவிதான அதனைப் படித்து வெளியிட்டார். அது கி. பி. 5-ஆம் நூற்றாண்டிற்கும் 8-ஆம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டதென்பர். அதனைப் பொறிப்பித்தவர் ஒரு பௌத்தர். தாம் ஈட்டிய புண்ணியத்தாற் பிறவிதோறும் உலகின் துன்பத்தை நீக்கும் ஆற்றல் தமக்கு வாய்த்தல் வேண்டுமென்றும், பொறுமையுங் கருணையும் தம்மை விட்டு நீங்காதிருத்தல் வேண்டுமென்றும், புத்தநிலை எய்திப் பிறவிச் சேற்றில் அழுந்துவாரைக் கரையேற்றல் வேண்டுமென்றும் அவர் வேண்டுகின்றார்.

இவ்வேண்டுகோள் சைவர் உள்ளத்தையும் உருக்குவதேயாம். எனினும் இதன்கண் ஒரு வினா எழுகின்றது. ஆன்மா என நிலைத்த பொருளொன்று இல்லை என்பது பௌத்தர் கொள்கை. அங்ஙனமாயின், பிறவிதோறும் வந்து பிறர் துன்பந் துடைப்பவன் யாவன்? இக்காலத்து உளநூலாரும் பௌத்தரும் அளவளாவுமிடத்தும் இவ்வினாவே நடுநிற்கின்றது. உயர்வகுப்பு மாணாக்கர் இதனை வினவுங்கால் ஆசிரியர் தடுமாறாமைப் பொருட்டு, இதனை மூன்று கூறாக வகுத்து ஈண்டு எழுதுகின்றாம்.

முதலாவது, பௌத்தர் கூறுவது. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் கூட்டத்தையே உலகம் 'யான்' என வழங்குகின்றது. அவை கணந்தோறுந் தோன்றி அழிவன. இரவு முழுதும் எரியும் விளக்கில் முதற்சாமத்துச் சுடரும் கடைச்சாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, முற்றும் வேறுமல்ல. அதுபோல முன்னையறிவு பின்னையறிவிற்குத் தன் வாசனையைத் தந்து கெடும். ஆதலிற் பாறையின் வேண்டுகோளில் முரணில்லை என்பர் அவர்.

இரண்டாவது, உளநூலார் கூறுவது. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட நூலில் எண்ணங்களை ஓடும் ஆற்றுக்கு ஒப்பிட்டார். எண்ணத்தின் வேறாக எண்ணுவோன் ஒருவனை உளநூல் கொள்ள வேண்டுவதின்றென்றார். செர்மனி நாட்டிற் பிறந்து இலங்கையில் துறவியாய் வாழ்ந்த ஞானபோனிக தேரர், விருப்பு வெறுப்பின்றி உள்ளத்தில் நிகழ்வதை நிகழ்ந்தவாறே நோக்கும் பயிற்சியை 1954-இல் வெளிவந்த நூலில் விளக்கினார். 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் யோன் கபட்சின் என்பார் அத்தகைய பயிற்சியை நாட்பட்ட நோயாளர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். 1987-இல் தரம்சாலையில் தலாய் லாமாவும், மூளையறிவியல் வல்ல பிரான்சிஸ்கோ வரேலா முதலியோரும் கூடி உரையாடினர். 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, மும்முறைக்குக் குறையாது மனச்சோர்வுற்றாரிடத்து இப்பயிற்சி அந்நோய் மீளுவதைக் குறைத்தமையைக் காட்டிற்று.

மூன்றாவது, நம் சித்தாந்தங் கூறுவது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாறுவன என்பது நமக்கும் உடன்பாடே. ஆயின் அவை ஆன்மா அல்ல. அரசனுக்கு அமைச்சர் போல்வன என்பது சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரக் கருத்து. ஆன்மா இல்லையென்று ஆராய்ந்து சொல்லும் அறிவுப்பொருள் ஒன்று உளதன்றோ என்பது மூன்றாஞ் சூத்திரக் கருத்து. காலையிற் சினம் எழுந்தது, மாலையில் அடங்கிற்று என்று ஒருவன் கூறின், இரண்டனையும் அறிந்தவன் ஒருவனே. ஓடுவதனை ஓடுகின்றதென அறிதற்கு, அதனோடு ஓடி அழியாத ஒருவன் வேண்டும்.

ஈண்டு ஆசிரியர் விழிப்பாயிருத்தல் வேண்டும். பயிற்சியால் நோய் தணிந்தமை ஆன்மா இல்லையென்பதற்குச் சான்றாகாது. ஆன்மா உண்டென்பதற்குஞ் சான்றாகாது. மூளையின் குருதியோட்டத்தையும் மின்னலைகளையும் அளக்குங் கருவி, அறிபவனை அளப்பதன்று. கருவி காட்டாமையால் இல்லையென்றலும், விஞ்ஞானம் நம் சமயத்தை நிறுவிவிட்டதென்று மாணாக்கர்க்குப் பொய் கூறலும் ஒப்பக் குற்றமாம். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்திற் பௌத்தர் நால்வகையினர் கொள்கைகளையும் எடுத்துரைத்தன்றோ மறுத்தார்? அம்முறையே நமக்கும் முறையாகும்.

வகுப்பிற் செய்யத்தக்கது இது. மாணாக்கரை ஐந்து நிமிடம் அமைதியாக இருத்தி, மூச்சினை நோக்கச் செய்க. எவ்வெண்ணங்கள் வந்தன, எவை போயின, வந்ததும் போனதும் அறிந்தது யாது என்று பின்னர் வினவுக. முதலிற் பௌத்தர் விடையை, பௌத்தரே கேட்பினும் சரியென்னும்படி கூறச் செய்க. அதன்பின் சைவர் விடையைக் கூறச் செய்க.

இன்னுமொன்று. இக்கரை 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும், 2009-இல் முடிந்த நெடும் போரையுங் கண்டது. இழந்தோர் இல்லங்களிலிருந்து வரும் பிள்ளைகள் நம் வகுப்புக்களில் இருக்கின்றனர். துயருற்ற பிள்ளையிடம் 'யான் என ஒன்றில்லை' என்பதும், 'எல்லாம் வினைப்பயன்' என்று கடிதிற் சொல்லிவிடுவதும் ஆசிரியர்க்கு அழகல்ல. முதற்கண் அப்பிள்ளையின் அருகிலிருந்து அது சொல்வதைக் கேட்டல் வேண்டும். துன்புறுவோன் யாவன் என்பதில் நாம் பௌத்தரோடு வேறுபடுகின்றோம். துன்பம் நீக்கப்படல் வேண்டுமென்பதிற் குச்சவெளிப் பாறையோடு ஒன்றுபடுகின்றோம்.