வண்டி சொல்லும் எண்

கொச்சிக் காயலின் நடுவே ஒரு தீவு. அதன் பெயர் வல்லார்பாடம். அங்கே புகழ்பெற்ற மாதா கோயில் இருக்கிறது. 2011-இல் திறந்த சரக்குப் பெட்டகத் துறைமுகமும் இருக்கிறது. 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் வந்தன. அது முதல் எறணாகுளத்திலிருந்து வண்டியிலேயே போகலாம்.

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழர் ஒருவர் தினமும் அங்கே ஜீப் ஓட்டினார். வேலையாட்களை ஏற்றி இறக்குவார். அது நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் வண்டி. ஒரு நாள் அது வழியில் நின்றுவிட்டது. செல்ஃப் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

அருகில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் போய்விட்டது. மாற்றினால் 30,000 ரூபாய் ஆகும்" என்றார்.

ஓட்டுநருக்குப் பகீர் என்றது. வண்டிக் கடனே இன்னும் அடையவில்லை. கயிறு கட்டி, தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை இழுத்துப் போனார்.

"சேட்டா, கம்ப்யூட்டர் போய்விட்டதாமே?"

"யார் சோதித்துப் பார்த்தார்கள், அண்ணா? முதலில் வண்டியையே கேட்போம்" என்றார் மெக்கானிக்.

சாக்கெட் எங்கே இருக்கும்?

மெக்கானிக் ஸ்டீயரிங்குக்குக் கீழே கையால் தடவினார். அங்கே ஒரு சாக்கெட் இருந்தது. மேல்பக்கம் அகலம், கீழ்பக்கம் குறுகல். இரண்டு வரிசை. வரிசைக்கு 8 துளைகள். மொத்தம் 16.

"இதில் ஸ்கேனரைச் செருகினால் வண்டி தன் குறையைச் சொல்லும்" என்றார்.

"என் பழைய ஜீப்பில் இது இல்லையே, சேட்டா?"

"கம்ப்யூட்டர் இல்லாத வண்டியில் இது இருக்காது. தேடவே வேண்டாம்."

அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் இந்த 16 துளை சாக்கெட் கட்டாயம் ஆனது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு இந்தச் சோதனை முறை வந்தது. 2010-இல் முதல் கட்டம். 2013-இல் இரண்டாம் கட்டம். சாக்கெட் பெரும்பாலும் ஸ்டீயரிங்கிலிருந்து 2 அடிக்குள் இருக்கும்.

அதற்கு முன் வந்த வண்டிகளில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழக்கம். 1990-களின் டொயோட்டா லேண்ட் குரூசர் பலவற்றில் பானெட்டுக்கு அடியில் ஒரு சிறு பெட்டி இருக்கும். வளைகுடா நாடுகளில் ஓட்டியவர்கள் பார்த்திருக்கலாம். அதில் டி.இ.1, இ.1 என்ற இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைப்பார்கள். சாவியைத் திருப்பினால் எஞ்சின் விளக்கு மின்னும். இரண்டு முறை மின்னி, சற்று நின்று, மீண்டும் இரண்டு முறை மின்னினால் 22. அது தண்ணீர்ச் சூட்டைப் பார்க்கும் சென்சாரின் எண். துளை மாறி இணைத்தால் கம்ப்யூட்டரே கெடலாம். ஆகவே புத்தகம் பார்க்காமல் கம்பி செருகக் கூடாது.

ஸ்கேனர் எரியவில்லை

மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார். அது எரியவில்லை.

"பார்த்தீர்களா? கம்ப்யூட்டர் போய்விட்டது!" என்று ஓட்டுநர் பதறினார்.

"பொறுங்கள், அண்ணா. 16-ஆம் துளையில் பேட்டரி கரண்ட் வர வேண்டும். 4-ஆம் துளை எர்த்."

மீட்டர் வைத்துப் பார்த்தார். 16-இல் கரண்ட் இல்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். ஒரு சிறு ஃபியூஸ் எரிந்து போயிருந்தது. புதிதாகப் போட்டார். மீட்டர் 12 வோல்ட் காட்டியது. ஸ்கேனர் உயிர் பெற்றது.

எண் என்ன சொன்னது?

"நீங்களே படியுங்கள், அண்ணா."

ஓட்டுநர் அறிவொளி வகுப்பில் படித்தவர். மெல்ல எழுத்துக் கூட்டினார்.

"பி... 0... 3... 3... 5."

பி என்றால் எஞ்சின், கியர் பகுதி. அடுத்த 0, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண் என்று காட்டும். பி 0335 என்பது எஞ்சின் சுழல்வதைப் பார்க்கும் கிராங்க் சென்சாரின் வழி.

"அப்படியானால் புது சென்சார் வாங்க வேண்டுமா?"

"வழியில் குறை என்றுதான் எண் சொல்கிறது. சென்சார் கெட்டிருக்கலாம். ஒயர் அறுந்திருக்கலாம். பிளக் துருப்பிடித்திருக்கலாம். பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்."

மெக்கானிக் பேட்டரி ஒயரைக் கழற்றினார். பிறகு சென்சார் பிளக்கைக் கழற்றினார். உள்ளே பச்சைக் களிம்பு! உப்புக் காற்றும் மழை ஈரமும் செய்த வேலை அது. ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்து, பிளக்கை இறுக்கிச் செருகினார். பேட்டரியை மாட்டினார். செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்தது.

ஓட்டுநர் கூலி கொடுத்தார். ஒரு ஃபியூஸின் விலையும் கொடுத்தார். 30,000 ரூபாய் மிஞ்சியது. பி 0335 என்று தன் நோட்டில் எழுதி, தேதியும் போட்டுக்கொண்டார்.

நினைவில் வையுங்கள்

1. எண்ணை எழுதிக்கொள்ளாமல் அழிக்கவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றினாலும் சில வண்டிகளில் எண் அழிந்துவிடும்.
2. எண் குறை உள்ள வழியைக் காட்டும். வாங்க வேண்டிய சாமானைக் காட்டாது.
3. ஸ்கேனர் எரியாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

விடை சொல்லுங்கள்

1. சாக்கெட்டில் எத்தனை துளைகள் உள்ளன?
2. எந்தத் துளையில் பேட்டரி கரண்ட் வரும்?
3. ஓட்டுநரின் பணம் எப்படி மிஞ்சியது?

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் ஓடும் ஒரு ஜீப்பில் இந்தச் சாக்கெட் எங்கே இருக்கிறது? ஓட்டுநரிடம் கேட்டுப் பாருங்கள். பார்த்ததை நான்கு வரிகளில் எழுதுங்கள்.