கண்ணாடித் தொட்டிக்கு ஏற்ற சிறு கூட்டமீன்கள்

வீட்டில் அழகின்பொருட்டு மீன் வளர்க்கும் வழக்கம் நாளுக்குநாள் பெருகி வருகின்றது. சென்னையில் கொளத்தூர்ப் பகுதியில் அலங்கார மீன்களை உற்பத்தி செய்து விற்பதையே ஜீவனமாகக் கொண்ட குடும்பங்கள் பல இருக்கின்றன. இத்தொழில் நிலைபெறுவது, வாங்குகிறவர் வீட்டில் மீன் எத்தனை நாள் உயிரோடிருக்கிறது என்பதைப் பொறுத்ததாகும். வாங்கிய மீன் ஒரு மாதத்திற்குள் மடிந்துபோனால், வாங்கியவர் மறுமுறை கடைப்பக்கம் வரமாட்டார். தொட்டியும் கவிழ்த்து மூலையில் வைக்கப்படும். இவ்வித நஷ்டத்திற்கு நோயைக் காட்டிலும், முதலில் மீனைத் தெரிந்தெடுத்த முறையிலுள்ள பிழையே பெரும்பாலும் காரணமாகின்றது.

பல ஜாதி மீன்களை ஒருங்கே வளர்க்கும் நன்னீர்த் தொட்டியைக் கலப்புத் தொட்டி எனலாம். அதற்குப் பெரிதும் அழகு தருவன கூட்டமாக நீந்தும் சிறு மீன்களே. அவற்றைத் தெரிந்தெடுக்கையில் கவனிக்க வேண்டியவை கீழே முறையாகக் கூறப்படுகின்றன.

கூட்டமாக வாழ்வதன் காரணம்

ஆற்றிலும் ஓடையிலும் சிறு மீனுக்குப் பகைகள் பல. கொக்கும் மீன்கொத்தியும் மேலிருந்து தாக்குகின்றன. விரால் முதலிய பெரு மீன்கள் நீருக்குள்ளேயே காத்திருக்கின்றன. தனித்த மீனைக் குறிவைத்துப் பிடிப்பது எளிது. நூறு மீன்கள் ஒருங்கே திரும்பி ஒருங்கே ஓடுமாயின், பகையின் கண் எந்த ஒன்றிலும் நிலைகொள்ளாமல் தடுமாறும். பல கண்கள் காவலிருப்பதால் ஒவ்வொரு மீனும் அச்சமின்றி இரை தேடவும் இயலும். கண்ணாலும், உடலின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ள பக்கக்கோடு என்னும் உணர்ச்சி உறுப்பாலும் அண்டை மீனின் அசைவை அறிந்து அவை ஒன்றையொன்று தொடர்கின்றன.

பகையே இல்லாத கண்ணாடித் தொட்டியிலும் இந்தச் சுபாவம் மாறுவதில்லை. இரண்டு மூன்றாக விடப்பட்ட கூட்டமீன், தன்னினம் தன்னைச் சூழ்ந்திராததை ஆபத்தின் அறிகுறியாகவே கொள்ளுகிறது. அதன் வர்ணம் வெளிறும். செடி மறைவில் ஒடுங்கிக் கிடக்கும். இரைக்கு முந்தி வராது. நாளடைவில் உடல் மெலிந்து நோய்க்கு எளிதில் இலக்காகும்.

எத்தனை மீன்கள் வாங்குவது

மீனை ஜோடிக் கணக்கில் வாங்குவது நம் நாட்டுக் கடைகளில் ஊறிப்போன வழக்கம். "இதில் ஒரு ஜோடி, அதில் ஒரு ஜோடி" என்று பத்து ஜாதிகளை ஒரு பையில் கொண்டுசெல்வோர் அநேகர். கூட்டமீன்களுக்கு இவ்வழக்கம் சிறிதும் பொருந்தாது. ஒரு ஜாதியில் ஆறுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். எட்டு முதல் பத்து வரை இருப்பின் மிக்க நலம். பத்து ஜாதிகளில் இரண்டிரண்டாக இருபது மீன் வாங்குவதைவிட, இரண்டு ஜாதிகளில் பத்துப்பத்தாக வாங்குவதே மேலானது. செலவு ஏறக்குறைய ஒன்றே. பயனிலோ பெரும் வேறுபாடு உண்டு.

இதற்கு டைகர் பார்ப் என்னும் மீன் தக்க உதாரணம். சுமத்திரா, போர்னியோத் தீவுகளைச் சேர்ந்த இது, பொன்னிற உடலில் நான்கு கரும்பட்டைகள் உடையது. இரண்டு மூன்றாக விட்டால் பிற மீன்களின் துடுப்புகளைக் கடித்துக் கிழிக்கும். பத்துக்குக் குறையாமல் விட்டால், அதன் சண்டையெல்லாம் தன் கூட்டத்துக்குள் முன்னிடத்திற்காக நடக்கும் துரத்தலாகவே பெரும்பாலும் முடிந்துவிடும். எனினும் நீண்ட துடுப்புள்ள ஏஞ்சல், ஃபைட்டர் முதலியவற்றோடு இதனை எக்காலத்தும் சேர்க்கலாகாது.

தொட்டியின் அளவு

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். மணலும் கல்லும் இட்டு, மேலே சிறிது இடமும் விட்டால் சுமார் 45 லிட்டர் தண்ணீரே நிற்கும். தொடக்கக்காரர் இதற்குச் சிறிய தொட்டியை நாடாதிருப்பது நலம். நீர் குறைவாக இருக்குமிடத்தில் அழுக்கும் உஷ்ணமும் விரைவில் ஏறிவிடும்.

உயரத்தைக் காட்டிலும் நீளமே முக்கியமானது. கூட்டமீன்கள் பக்கவாட்டில் ஓடுபவை. பிராணவாயுவும் நீரின் மேற்பரப்பின் வழியாகவே உட்புகுகின்றது. ஆதலால் உயர்ந்து குறுகிய தொட்டியும், வாய் குறுகிய உருண்டைக் குடுவையும் இவற்றிற்கு ஆகா.

புதுத் தொட்டியில் உடனே மீன்களை நிரப்புவது பெரும் பிழை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே; நைட்ரேட்டினால் தீமை மிகக் குறைவு. எருவிட்ட வயலில் நடைபெறும் மாறுதலும் இதுவேயாதலின் குடியானவருக்கு இது புதிதன்று. மணலிலும் வடிகட்டியிலும் இந்நுண்ணுயிர்கள் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். அதற்குள் அவசரப்பட்டு மீன்களை நிறைப்பதே முதல் மாதச் சாவுகளுக்குப் பெரிய காரணமாகும்.

தண்ணீரின் குணம்

நிலத்தைப் பார்த்துப் பயிரைத் தெரிந்தெடுப்பதுபோல, கிடைக்கும் தண்ணீரைப் பார்த்தே மீனைத் தெரிந்தெடுக்க வேண்டும். தமிழகத்தின் பல ஊர்களில் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் கடினமானவை. சவுக்காரம் நுரைக்கத் தயங்கினாலும், வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்ணிறச் சுண்ணப் படிவு கண்டாலும் நீர் கடினமானதென அறியலாம். அத்தகைய நீரில் டானியோ, பார்ப் இனங்களுள் பல நன்கு வாழும். சுண்ணாம்புச் சத்து மிகக் குறைந்த அமேசான் காட்டு ஓடைகளைச் சேர்ந்த மீன்களோ வாடும். மழைநீரைத் தூய்மையாகச் சேமித்துக் கலப்போர் இவற்றையும் வளர்க்கலாம்.

நகரசபைக் குழாய் நீரிலுள்ள குளோரின் மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தோ, சோடியம் தயோசல்பேட் இட்டோ குளோரினைப் போக்கிய பின்னரே அந்நீரைப் பயன்படுத்த வேண்டும்.

உஷ்ணமும் கவனிக்கத்தக்கது. 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராமே வைத்திருக்கும். அதே வேளையில் மீனுக்கு வேண்டிய பிராணவாயுவோ உஷ்ணத்தோடு கூடுகிறது. ஆகையால் கோடையில் மீன்களின் எண்ணிக்கையை உயர்த்தாமலும், காற்றுக் குழாயை நிறுத்தாமலும், வெயில் படாத இடத்தில் தொட்டியை வைத்தும் காத்தல் வேண்டும்.

தகுந்த சில ஜாதிகள்

ஸீப்ரா டானியோ: தொடக்கக்காரருக்கு இதனிலும் ஏற்றது அரிது. கங்கை, பிரம்மபுத்திரா நதிகளைச் சார்ந்த ஓடைகளிலும் வயல்களிலும் வாழும் இம்மீனைப் பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-ஆம் ஆண்டில் வெளியிட்ட கங்கை மீன்களைப் பற்றிய நூலில் விவரித்தார். இன்று உலகெங்குமுள்ள ஆராய்ச்சிச் சாலைகளில் இது வளர்க்கப்படுகிறது. 4 அல்லது 5 செ.மீ. வளரும். நீலமும் வெள்ளியுமான வரிகள் தலையிலிருந்து வால்வரை செல்லும். கடின நீரையும் ஓரளவு உஷ்ண மாறுதலையும் பொறுக்கும். மேல்நீரில் ஓயாது ஓடுவதால் நீண்ட தொட்டி வேண்டும். துள்ளுமாதலால் மூடியும் வேண்டும். இட்ட முட்டையைத் தானே தின்றுவிடும். உற்பத்தி செய்ய விரும்புவோர் அடித்தளத்தில் கோலிக்குண்டு அல்லது கூழாங்கல் பரப்பினால், முட்டைகள் இடுக்கில் விழுந்து தப்பும்.

செர்ரி பார்ப்: இலங்கையின் தென்மேற்கிலுள்ள நிழலடர்ந்த ஓடைகளுக்கு உரியது. 1929-ல் தெரணியகல என்பவரால் விவரிக்கப்பட்டது. சுமார் 5 செ.மீ. வளரும். ஆண்மீன் நல்ல சிவப்பு; பெண்மீன் மங்கிய நிறம். மிகச் சாந்தமானது. செடியும் நிழலும் இருந்தால் கூச்சம் நீங்கி வெளிவரும். ஓர் ஆணுக்கு இரண்டு பெண்கள் என்ற கணக்கில் வாங்குவது உசிதம்.

ஹார்லிக்வின் ரஸ்போரா: மலேயா, சிங்கப்பூர், சுமத்திரா, தாய்லாந்து நாடுகளைச் சேர்ந்தது. செம்பு நிற உடலின் பின்பாதியில் முக்கோணக் கரும்புள்ளி உடையது. நடுநீரில் நெருங்கிய கூட்டமாக நீந்தும். மென்னீரை விரும்பினும் மிதமான கடினத்தைத் தாங்கும்.

நியான் டெட்ராவும் கார்டினல் டெட்ராவும்: இரண்டும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை, இரண்டிலும் நீலவரி ஒளிரும். நியானில் சிவப்பு நிறம் உடலின் பின்பாதியில் மட்டும் இருக்கும். கார்டினலில் முழு நீளத்திற்கும் ஓடும். இவ்வேற்றுமையை அறிந்திருப்பது வாங்குவோருக்கு அனுகூலம். நியான் ஓரளவு குளிர்ந்த நீரை விரும்புவது. 26 டிகிரிக்கு மேல் நீண்டநாள் இருப்பின் சோர்வுறும். கார்டினல் அதனினும் வெப்பமான நீரில் வாழ்வதாதலின் நம் சமவெளிக்குச் சற்றே ஏற்றது. இரண்டிற்கும் மென்னீர் அவசியம். நுண்ணிய ஒட்டுயிரியால் வரும் நியான் நோய்க்கு நம்பத்தக்க மருந்தில்லை. எனவே, வர்ணத்தில் வெளுத்த திட்டுக் காணப்படும் மீன் ஒன்றிருந்தாலும் அத்தொட்டியிலிருந்து எதையும் வாங்கலாகாது.

அடிநீரில் வாழும் கோரிடோரஸ் என்னும் சிறு மீசை மீனும் கூட்டத்தை நாடுவதே. "தொட்டி சுத்தம் செய்ய ஒன்று போதும்" என்று வாங்கித் தனியே விடுவது தவறு, ஆறு வேண்டும். கூரிய கல்லில் அதன் மீசை தேயுமாதலால் மெல்லிய மணல் பரப்ப வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

வாயில் அடங்குவதெல்லாம் இரை என்பதே மீனின் நியாயம். குஞ்சாய் இருக்கையில் நியான்களோடு சாதுவாயிருக்கும் ஏஞ்சல் மீன், வளர்ந்தபின் அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கும். ஆகவே கடையில் காணும் அளவை நோக்காது, முழு வளர்ச்சியின் அளவைக் கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

மிஸ் கேரளா என்று விற்கப்படும் டெனிசன் பார்ப், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்கே உரிய கூட்டமீன். அது 10 செ.மீ.க்கு மேல் வளர்வதால் சிறு தொட்டிக்கு ஆகாது. அன்றியும், அலங்கார மீன் வியாபாரத்திற்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டதனால் எண்ணிக்கை குறைந்து, அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பன்னாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. ஓடையில் பிடித்த மீனை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்.

உடலில் சாயம் ஏற்றிய மீன்களையும் விலக்க வேண்டும். ஊசியால் ஏற்றும் சாயம் நாளடைவில் மங்கிப்போகும். ஊசிப்புண்ணின் வழியே நோய் புகும்.

வாங்கும்போதும் விடும்போதும்

துடுப்பை விரித்து, கூட்டத்தோடு நீந்தி, இரைக்கு ஓடிவரும் மீனே நல்ல மீன். துடுப்பை ஒடுக்கியது, மேற்பரப்பில் மூச்சு வாங்குவது, உப்பைத் தூவியதுபோல் வெண்புள்ளி உடையது, வயிறு ஒட்டியது ஆகியவற்றை விலக்குக. வாங்குமுன் இரை போட்டுக் காட்டச் சொல்லுவதில் வெட்கம் வேண்டா.

வீட்டில் பையைத் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு உஷ்ணத்தைச் சமப்படுத்தி, பின்னர்ச் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பையில் கலந்து, மீனை மட்டும் சிறு வலையால் எடுத்துவிட வேண்டும். கடை நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. ஏற்கெனவே மீன் உள்ள தொட்டியாயின், புது மீனை இரண்டு மூன்று வாரம் வேறு தொட்டியில் வைத்துப் பார்ப்பது பாதுகாப்பு.

ஒரு மாதிரித் திட்டம்

60 செ.மீ. தொட்டியும் கடின நீரும் உள்ள வீட்டில் ஸீப்ரா டானியோ எட்டு அல்லது செர்ரி பார்ப் எட்டு, இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கொள்ளுக. 90 செ.மீ. நீளமும் சுமார் 100 லிட்டர் நீரும் இருப்பின் மேல்நீருக்கு ஸீப்ரா டானியோ எட்டு, நடுநீருக்குச் செர்ரி பார்ப் எட்டு, அடிநீருக்குக் கோரிடோரஸ் ஆறு என வைக்கலாம். மூன்று கூட்டங்களையும் ஒரே நாளில் விடாமல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் இடைவெளி கொடுப்பது அவசியம். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுக. இரண்டு நிமிஷத்தில் தின்று தீரும் அளவே இரையிடுக.

வளர்க்க மனமில்லாதபோது மீன்களை ஏரியிலோ வாய்க்காலிலோ விடுவது பெருந்தீங்கு. அலங்கார மீனாக வந்த ஸக்கர் மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, முள்ளால் வலைகளைக் கிழித்து மீனவருக்குத் தொல்லை தருகிறது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ மற்றொரு வளர்ப்பவரிடமோ ஒப்படைப்பதே முறை.

தண்ணீரை முதலில் அறிந்து, தொட்டிக்கு அடங்கும் ஜாதியை நிச்சயித்து, அந்த ஜாதியில் முழுக் கூட்டமாக வாங்குகிறவருக்குக் கலப்புத் தொட்டி நெடுநாள் குறைவின்றி விளங்கும். விற்கும் குடும்பங்களும் இம்முறையை வாங்குவோருக்கு எடுத்துரைப்பின், மீனும் பிழைக்கும், வியாபாரமும் நிலைக்கும்.