மேத்யூஸ் ஃபைனலும் போல்டனின் இடது பக்கமும்

அன்புள்ள தங்கைக்கு,

விளையாட்டுப் பக்கத்துக்கு ஆட்டச் செய்தி எழுதத் தொடங்கியிருக்கிறாய். கோப்பை இறுதி ஆட்டங்களை எழுதும் வாய்ப்பும் சீக்கிரமே வரும். அதற்குள் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் நீ பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஆட்டத்தை வென்று கொடுத்தவர் யார் என்று எழுதும்போதே, அவருக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்றும் கேள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, கால்பந்து வரலாற்றிலேயே மிக அதிகமாகக் கொண்டாடப்பட்ட ஓர் ஆட்டம் சாட்சி சொல்கிறது. 1953 மே 2 அன்று லண்டன் வெம்பிளியில் பிளாக்பூலும் போல்டன் வாண்டரர்ஸும் மோதிய எஃப்.ஏ. கோப்பை இறுதி அது. பிளாக்பூல் 4-3 என்று வென்றது. உலகம் அதை ‘மேத்யூஸ் ஃபைனல்’ என்று அழைக்கிறது. ஸ்டேன்லி மேத்யூஸ் அன்று ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மூன்று கோல் அடித்தவர் ஸ்டான் மோர்டன்சன். வெம்பிளியில் நடந்த கோப்பை இறுதிகளில் அப்படி அடித்த முதல் ஆள் அவர்தான்.

பெயர் ஏன் மேத்யூஸுக்குப் போனது என்பது புரியாத விஷயம் இல்லை. அவருக்கு வயது 38. 1948-லும் 1951-லும் இறுதிக்கு வந்து தோற்றவர். இங்கிலாந்தின் செல்லப்பிள்ளை. எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு ஒரு மாதம் இருந்தது; அதற்காகவே வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக்கொண்டிருந்த நேரம். ராணியும் மைதானத்துக்கு வந்திருந்தார். மேத்யூஸ் கையில் பதக்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நாடே காத்திருந்தது. அதாவது, ஆட்டத்தின் கதையில் பாதி பந்தை உதைப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. உனக்கு வரப்போகிற ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. இறுதி ஆட்டம் என்றால் முன்கதை தானாகவே வந்து சேர்ந்துவிடும், அதற்குப் பொருந்துவது மட்டுமே கண்ணில் படும்.

பொருந்தாதவற்றைப் பார்ப்போம். அக்காலத்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. பதினொரு பேரில் ஒருவருக்கு அடிபட்டால் பத்தரைப் பேரோடு ஆட வேண்டியதுதான். முதல் பாதியிலேயே போல்டனின் லெஃப்ட் ஹாஃப் எரிக் பெல்லுக்குத் தொடையின் பின்தசை கிழிந்தது. அவரைச் சும்மா நிற்கட்டும் என்று இடது விங்குக்கு அனுப்பினார்கள். அவர் இடத்துக்கு, முன்களத்தில் ஆட வேண்டிய ஹாஸல் பின்னால் இறங்கினார். விங்கர் லாங்டன் உள்ளே நகர்ந்தார். மேத்யூஸ் ஆடியது பிளாக்பூலின் வலது விங்கில், அதாவது போல்டனின் இடது பக்கத்துக்கு நேர் எதிரே. மேத்யூஸைத் தடுக்க வேண்டியவர் லெஃப்ட் பேக் ரால்ஃப் பேங்க்ஸ். அவருக்குத் துணை நிற்க வேண்டிய ஹாஃப் நொண்டிக்கொண்டிருந்தார், பதிலுக்கு நின்றவருக்கோ அது பழக்கமான வேலை இல்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் பேங்க்ஸுக்கும் தசைப்பிடிப்பு. உலகத்தின் மிகச் சிறந்த விங்கர், மைதானத்தின் மிகப் பலவீனமான மூலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

‘அந்த நொண்டிய பெல் கோல் அடிக்கவில்லையா?’ என்று நீ மடக்கலாம். அடித்தார். 55-ஆவது நிமிடத்தில் எம்பித் தலையால் முட்டி, போல்டனை 3-1 என்று முன்னிலைக்குக் கொண்டுபோனார். ஆனால் ஒரு தடவை எம்புவது வேறு, விங்கரைத் துரத்தி ஓடுவது வேறு. முதலாவதைக் கிழிந்த தசையோடும் செய்யலாம். இரண்டாவதைச் செய்ய அங்கே ஆள் இல்லை. அந்தக் குறை உடனே ஸ்கோரில் தெரியாது. மற்றவர்களின் கால்கள் களைத்த பிறகுதான் தெரியும். 68-ஆவது நிமிடம் வரை 3-1 நின்றதும், அதன் பிறகு மூன்று கோல் விழுந்ததும் அந்தக் கணக்குப்படிதான்.

பந்து ஏன் மேத்யூஸிடமே போய்க்கொண்டிருந்தது என்பதையும் கேட்க வேண்டும். எதிரணியின் எந்தப் பக்கம் சரிகிறது என்பதைக் கண்டுபிடித்து, திரும்பத் திரும்ப அங்கேயே பந்தைத் தள்ளியவர்கள் பிளாக்பூலின் வலது பக்கத்தார். அவர்களில் முக்கியமானவர் எர்னி டெய்லர் என்ற குள்ளமான இன்சைட் ரைட். இரண்டு வருடம் முன்பு இதே பிளாக்பூலை இறுதியில் தோற்கடித்த நியூகாசில் அணியில் ஆடியவர். அந்த இறுதியில் நியூகாசிலின் மில்பர்ன் அடித்த இரண்டாவது கோலுக்குக் குதிகாலால் பந்தைத் தட்டிக்கொடுத்தவரும் அவர்தான். அவர் பெயரில் எந்த ஃபைனலும் இல்லை.

கடைசி கோலை நிதானமாகப் பார். 89-ஆவது நிமிடத்தில் மோர்டன்சன் ஃப்ரீ கிக்கை நேராக வலைக்குள் அடித்து 3-3 ஆக்கிவிட்டார். காயங்களுக்காகக் கூட்டிய நேரம் ஓடுகிறது. டெய்லரிடமிருந்து பந்து வருகிறது. மேத்யூஸ் பேங்க்ஸைத் தாண்டிக் கோல் கோட்டை நோக்கிப் போகிறார். நடுவிலிருந்த சென்டர் ஹாஃப் பராஸ் தன் இடத்தை விட்டு ஓடிவர வேண்டியிருக்கிறது. மேத்யூஸ் வழுக்கியபடியே பந்தைப் பின்னோக்கி இழுத்துவிடுகிறார், தென்னாப்பிரிக்காவில் பிறந்த பில் பெர்ரி அதை உள்ளே தள்ளுகிறார். மேத்யூஸின் திறமையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பராஸ் ஏன் வெளியே வந்தார்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், முதல் பாதியில் கிழிந்த ஒரு தசையில் போய் நிற்பாய்.

வாசகருக்கு நாயகன்தானே வேண்டும், தசையும் தசைப்பிடிப்பும் எதற்கு என்று உன் ஆசிரியர் கேட்கக்கூடும். நாயகனைத் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. மேத்யூஸ் முதல் வாக்கியத்தில் வரட்டும். ஆனால் 87-ஆவது நிமிடத்தில் விசில் ஊதியிருந்தால் நாம் என்ன எழுதியிருப்போம் என்று யோசி. அந்த ஆண்டு கோப்பையின் ஒவ்வொரு சுற்றிலும் கோல் அடித்து, இறுதியில் இரண்டாவது நிமிடத்திலேயே அடித்த நாட் லோஃப்ட்ஹவுஸ் நாயகன் ஆகியிருப்பார். அல்லது ஒற்றைக்காலில் கோல் அடித்த பெல். அதே ஆட்டம், அதே காயங்கள், அதே ஓட்டை. பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கும். கோல்கீப்பர்கள் செய்த தவறுகளையும் அந்தப் பலகை மறைத்துவிட்டது. போல்டனின் முதல் இரண்டு கோல்களில் பிளாக்பூலின் கோல்கீப்பர் ஃபார்ம் தடுமாறினார். மோர்டன்சனின் இரண்டாவது கோலுக்கு முன் மேத்யூஸ் அனுப்பிய பந்தைப் போல்டனின் ஹேன்சன் கைநழுவ விட்டார்.

இது தோற்றவனுக்குச் சாக்குத் தேடித் தரும் வேலை என்பது இன்னும் கடுமையான ஆட்சேபம். 1959 கோப்பை இறுதியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், ராய் ட்வைட் கால் முறிந்து வெளியேறிய பிறகும் பத்துப் பேரோடு லூட்டனை 2-1 என்று வென்றதே? உண்மைதான். ஆனால் அவர் போகும்போதே ஃபாரஸ்ட் இரண்டு கோல் முன்னே இருந்தது, அதில் ஒன்று அவர் அடித்தது. காயம் முடிவைத் தீர்மானித்துவிடும் என்பது என் வாதம் இல்லை. பார்வையை எங்கே திருப்ப வேண்டும் என்பதைக் காயம் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

அப்படித் திருப்பாததால் வந்த நஷ்டம் பெரிது. 1952-இல் ஆர்சனலின் வாலி பார்ன்ஸ், 1955-இல் மான்செஸ்டர் சிட்டியின் மெடோஸ், 1957-இல் மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ரே வுட், 1960-இல் பிளாக்பர்னின் வீலன், 1961-இல் லெஸ்டரின் சால்மர்ஸ் என்று இறுதி ஆட்டங்களில் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். இந்த ஐந்து பேரின் அணிகளும் தோற்றன. 1956-இல் கழுத்து எலும்பு முறிந்த நிலையில் கடைசிவரை கோலைக் காத்து வென்ற ட்ராட்மன் காவிய நாயகன் ஆனார். பத்திரிகைகள் இதற்கெல்லாம் ‘வெம்பிளி சாபம்’ என்று பெயர் வைத்தன. சாபம் என்று எழுதிய பிறகு ஆட்ட விதியைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? இங்கிலாந்து லீகில் மாற்று ஆட்டக்காரர் வந்தது 1965-இல். கோப்பை இறுதியில் முதன்முதலாக ஒருவர் மாற்றாகக் களம் இறங்கியது 1968-இல், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணிக்காக. தனி மனித வீரமும் தலைவிதியும் பத்திகளை நிரப்பிக்கொண்டிருந்த வருடங்களில், ஒரு நொண்டும் மனிதரை ஏன் எழுபது நிமிடம் மைதானத்தில் நிறுத்துகிறோம் என்று கேட்டவர்களின் குரல் அமுங்கிப்போனது. (‘மேத்யூஸ் ஃபைனல்’ என்ற பெயரை மேத்யூஸே கூச்சத்தோடுதான் ஏற்றார், பெருமை மோர்டன்சனுக்கு உரியது என்றார். நாம்தான் கேட்கவில்லை.)

நேரம் இல்லை, விசில் ஊதிய ஐந்தாவது நிமிடத்தில் செய்தி போயாக வேண்டும் என்பாய். அதனால்தான் இதை ஆட்டம் நடக்கும்போதே செய்யச் சொல்கிறேன். இன்று பந்தை யார் எத்தனை முறை தொட்டார் என்ற எண்ணிக்கை கணினியில் உடனே வந்துவிடும், அதை நீ குறித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. யார் நொண்டுகிறார், யார் தன் இடத்தை விட்டு இன்னொருவர் இடத்துக்குப் போனார், அப்போது மணி என்ன என்பதை உன் குறிப்பேட்டின் ஒரு ஓரத்தில் எழுதிக்கொண்டே வா. மாற்று ஆட்டக்காரர்கள் எல்லாம் இறக்கப்பட்டுவிட்ட பின் கூடுதல் நேரத்தில் ஒருவருக்கு அடிபட்டால், 1953 திரும்ப வந்துவிட்டது என்று வைத்துக்கொள்; பந்தை விட்டுவிட்டு அவர் நின்ற பக்கத்தையே பார். கோல் விழுந்ததும் எல்லாரும் அடித்தவரைச் சூழ்ந்துகொண்டு ஓடுவார்கள். அந்த அரை நிமிடத்தில் எதிரணியின் பேக்குகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்