பொறி செய்து பயிலுதலும் அதன் பயனும்

கேட்டுக் கற்றலினும் கையாற் செய்து கற்றல் நெஞ்சில் நிலைக்கும் என்பர். இக்காலத்துப் பள்ளிச் சிறுவர் சிலர், சிறு ரோபோக்களைத் தாமே அமைத்து, கணிப்பொறிக் கட்டளைகளால் நடத்திப் பயில்கின்றனர். இப்பயிற்சி அறிவை வளர்க்குமோ, மகிழ்ச்சி மட்டுந் தருமோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

இம்முறைக்கு வித்திட்டோருள் தலையாயவர் சீமூர் பேப்பர்ட் என்பார். அவரும் அவர்தம் துணைவரும் 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லோகோ என்னும் கட்டளை மொழியை ஆக்கினர். பின்னர் அம்மொழிக்கு அடங்கி நடக்கும் 'ஆமை' என்னும் ரோபோவும் தோன்றிற்று. 'நூறு அலகு முன் செல். 90 பாகை வலமாகத் திரும்பு' என நான்கு முறை ஏவின், அது தரையில் ஒரு சதுரம் வரையும். திருப்பம் பிழைப்பின் சதுரமும் பிழைக்கும். பிழை கண்முன்னே கிடத்தலின், பிள்ளை பிறர் சினத்துக்கு அஞ்சாது அதனைத் தானே தேடித் திருத்தும். இங்ஙனம் பழகிய சிந்தனை பிற துறைகளிலும் உதவும் என்பது பேப்பர்ட்டின் துணிபு.

அத்துணிபைச் சோதித்தோரும் உளர். நியூயார்க் நகரத்துப் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சார்ந்த ராய் பீ, மிடியன் கர்லண்டு என்னும் இருவர், லோகோ பயின்ற சிறுவர்க்கு வகுப்பறை வேலைகளைத் திட்டமிடும் சோதனை வைத்தனர். 1984இல் வெளியான முடிவின்படி, பயிலாத சிறுவரினும் அவர் சிறந்திலர். ஆயினும் பயிற்சியே வீணென்று துணிதல் பொருந்தாது. டேவிட் கிளார், ஷாரன் கார்வர் என்போர், பிழை காணும் முறையைப் படிப்படியாக விளங்கக் கற்பித்த பின்னரே சோதித்தனர். 1988இல் வெளியான அவ்வாராய்ச்சியில், சிறுவர் கணிப்பொறிக்குப் புறம்பான எழுத்துக் குறிப்புக்களிலும் பிழைகளை முன்னினும் செம்மையாகக் கண்டனர்.

இவ்விரண்டையும் ஒப்புநோக்கின் உண்மை புலனாம். கை செய்ததனை மனம் மீண்டும் எண்ணுமாறு ஆசிரியர் வழிகாட்டல் வேண்டும். கருவி தானே கற்பியாது.

இனி, பயனை அளக்குமாறு யாது? ஆண்டுவிழாவில் ரோபோ ஓடியதும், அவையோர் கைகொட்டியதும் சான்றாகா. பயிற்சிக்கு முன்னும் பின்னும் சோதித்தல் வேண்டும். பயிலாதாரோடு ஒப்பிடுதல் வேண்டும். முன் காணாத வேலையொன்றைக் கொடுத்தும், சில திங்கள் கழித்தும் பார்த்தல் வேண்டும். ஒருவன் செய்ய மூவர் நோக்கி நிற்றலும் உண்டாதலின், ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தல் நன்று.

பொருட்குறை மிக்க பள்ளி பெரும்பணம் ஈந்து கருவிப் பெட்டிகளை வாங்கி, ஆசிரியர் பயிற்சிக்கு ஒன்றும் ஒதுக்காதாயின், அப்பெட்டிகள் அலமாரியில் உறங்கும். இழப்பு ஏழைப் பிள்ளைகளுக்கே. மலரைக் கண்டு மகிழ்வதோடு அமையாது, கனியைக் கொண்டே மரத்தை மதிப்பிடுவோமாக.