சாமி கும்பிட மனசு வராத நாளில் கலர் பென்சிலை எடு!

தங்கச்சி, வீட்டுல ஒரு சாவு விழுந்த பிறகோ, காரணமே தெரியாமலோ, இத்தனை வருஷம் நம்பின சாமி கைவிட்டுட்ட மாதிரி சிலருக்குத் தோணும். விளக்கேத்தினாலும் மனசு ஒட்டாது. 'இன்னும் நல்லா வேண்டிக்கோ'ன்னு மத்தவங்க சொல்லச் சொல்ல குற்ற உணர்ச்சிதான் கூடும். வாய்விட்டுச் சொல்ல முடியாத அந்தத் தவிப்பைக் காகிதத்துல இறக்கி வைக்கலாம்.

சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங், 1913-ல் உளப்பகுப்பாய்வு முன்னோடி ஃபிராய்டோட உறவு முறிஞ்ச பிறகு உள்ளுக்குள்ள ஆடிப்போனார். மனசுல எழுந்த காட்சிகளை எழுதினார், வரைஞ்சார். முதல் உலகப்போர் முடியற சமயத்துல தினமும் காலையில நோட்டுல ஒரு சின்ன வட்டப் படம் போட்டார். அன்னன்னைக்கு மனசு இருக்கிற நிலை அதுல தெரிஞ்சுது. நீயும் செஞ்சு பாரேன்.

* வட்டம் போடு: டிபன் தட்டைக் கவிழ்த்து, பென்சிலால சுத்தி வரை. அதுக்குள்ள மட்டும் கலர் அடி. உருவம் எதுவும் வரணும்னு இல்ல.

* கலரைப் பார்த்து எடு: படபடப்பா இருந்தா கிரயான், ஆயில் பேஸ்டல் நல்லது, அழுத்தித் தேய்க்கலாம். வாட்டர் கலர் இஷ்டத்துக்கு ஓடும், அதோட சேர்ந்து மனசும் கலங்கலாம். அதை அப்புறம் எடுத்துக்கோ.

* கோபத்தையும் வரை: சாமி மேல கோபமா? கறுப்பை எடுத்துத் தேய். பாவமே இல்ல. கண் பார்வை போனப்ப நாயன்மார் சுந்தரரே சிவன்கிட்ட உரிமையோட சண்டை போட்டுப் பாடியிருக்கார்.

* அர்த்தம் தேடாதே: படத்துக்குப் பின்னால தேதியும் ஒரே ஒரு வரியும் எழுதி வை. பத்துப் படம் சேர்ந்ததும் தரையில வரிசையாப் பரப்பிப் பாரு. எது மாறியிருக்குன்னு உனக்கே தெரியும். 'கறுப்புன்னா கெட்டது'ன்னு யாராவது பலன் சொன்னா காதுல போட்டுக்காதே.

* பயம் ஏறினா நிறுத்து: காகிதத்தைக் கவிழ்த்து வை. காலைத் தரையில ஊன்றி உட்கார்ந்து தண்ணி குடி. பக்கத்துல இருக்கிறவங்களைக் கூப்பிடு.

* டாக்டரைத் தள்ளிப் போடாதே: பல ராத்திரி தூக்கமே இல்ல, குரல் கேட்குது, செத்துடலாம்னு தோணுதுன்னா வரையறது மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பாரு. மத்திய அரசோட 'டெலி மானஸ்' எண் 14416-க்கு எந்நேரமும் இலவசமா, தமிழ்லயே பேசலாம்.

டாக்டர்கிட்ட போறது சாமிக்குச் செய்யற துரோகம் இல்ல, தங்கச்சி. முதல்ல நீ நல்லா சாப்பிட்டுத் தூங்கி எழுந்திரு. நம்பணுமா வேண்டாமான்னு அப்புறம் நிதானமா யோசிக்கலாம்.