நீலமலைத் தேயிலையும் நாட்டு நலமும்

பொருணூல் என்றவுடன், தமிழ் பயில்வோராகிய நம்மிற் பலர் அஃது அயலார் துறையென்று ஒதுங்குதல் வழக்கம். அவ்வொதுக்கம் தகாது. திருக்குறளின் முப்பாலுள் மிகப் பெரியது பொருட்பாலே. அதன் முதலதிகாரமாகிய இறைமாட்சியில் வள்ளுவனார் அரசின் வன்மையை நான்கு செயல்களில் வைத்து உணர்த்துகின்றார். பொருள் வரும் வழிகளை உண்டாக்குவது, வந்ததைத் திரட்டுவது, திரட்டியதைப் பேணுவது, பேணியதை முறைப்படப் பங்கிடுவது என்பன அவை. இந்நான்கும் மக்கள் வாழ்வை ஆக்கவும் அழிக்கவும் வல்லனவாதலை, யாம் பிறந்து வளர்ந்த நீலமலையின் தேயிலையைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, வழி உண்டாக்குதல். கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் இம்மலைக்கு வந்தபின் வெள்ளையர் குடியேற்றம் பெருகிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தேயிலை வாணிபப் பயிராயிற்று. 1908-இல் புகைவண்டி உதகை வரை ஏறிற்று. வழி உண்டாயிற்று, ஆயினும் ஆதாயத்தின் பெரும்பகுதி கடல் கடந்தது. விடுதலைக்குப் பின்னர் வேறொரு முயற்சி தோன்றியது. 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க உடன்பட்டது. அவ்வாறு வந்தோர்க்கு வேலை அளித்தற்பொருட்டு 1968-இல் அரசே தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலை ஆலைகளுக்குத் தலைமைச் சங்கமாக இண்ட்கோசர்வ் 1965-இல் அமைந்தது. நாடற்று வந்தோர்க்கும் அரை ஏக்கர் நிலமுடையோர்க்கும் அரசின் பணம் ஊன்றுகோலாயிற்று என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, திரட்டுதல். சோவியத் நாடு நெடுங்காலம் இந்தியத் தேயிலையை மிகுதியாக வாங்கி வந்தது. 1953-ஆம் ஆண்டு வாணிப உடன்படிக்கையின் பயனாக, அந்நாடு விலையை டாலரில் அன்றி ரூபாயிலேயே கணக்கிட்டுத் தீர்த்தது. அதனால் நமக்கு நிலையான சந்தை கிடைத்தது. 1963-இல் தொடங்கிய குன்னூர்த் தேயிலை ஏலத்திலும் ருஷியத் தேவை பெரிதும் உணரப்பட்டது. ஆனால் ஒரே தூணின்மேல் நிற்கும் வீடு, அத்தூண் அசையும் நாளில் முழுதும் அசையுமன்றோ?

மூன்றாவது, பேணுதல். 1991-ஆம் ஆண்டு நம் நாட்டின் அந்நியச் செலாவணி சில வாரத்து இறக்குமதிக்கே போதுமான அளவுக்கு வற்றியது. ஏறக்குறைய 47 டன் பொன்னை ஈடு வைக்க நேர்ந்தது. ஜூலைத் திங்களில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் சோவியத் நாடு கலைந்தது. அதன்பின்னும் ருஷியா நம் தேயிலையை வாங்கி வந்தது. ஆயினும் 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டரசு தன் கடன் தவணைகளை நிறுத்தி, ரூபிளைத் தாழவிட்டது. சில வாரங்களுள் அந்நாணயத்தின் மதிப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்காயிற்று. மாஸ்கோவில் செய்த அத்தீர்மானம் கோத்தகிரியின் தேயிலைக் காட்டைத் தாக்கிற்று. அடுத்த இரண்டாண்டுகளில் பசுந்தேயிலையின் விலை பாதிக்குங் கீழே வீழ்ந்தது. ரூபிள் ஒன்றே காரணம் என்றல் பிழை. விளைச்சல் பெருகியதும், தரங்குறைந்த தூள் மிகுந்ததும், பிற நாட்டுத் தேயிலை உலகச் சந்தையிற் போட்டியிட்டதும் உடன் சேர்ந்தன.

அவ்வீழ்ச்சி எம் இல்லத்திலும் புகுந்தது. எம் பாட்டனார்க்கு ஓர் ஏக்கர் தேயிலை உண்டு. 2000-ஆம் ஆண்டில், கொழுந்து பறிப்பதற்குரிய கூலியும் விலையில் தேறவில்லை. அப்பொழுது எம் அத்தையார் பத்தாம் வகுப்பில் முதன்மையாக வந்துகொண்டிருந்தார். படிப்பை நிறுத்தித் திருப்பூர்ப் பனியன் ஆலைக்கு அவரை அனுப்பினர். யாம் இன்று படிக்கும் அகராதி, அவர் தம் முதற் சம்பளத்தில் எம் தந்தையார்க்கு வாங்கித் தந்தது. ருஷிய நாணயம் இன்னதென்று அவர் அந்நாளில் அறிந்திலர்.

நான்காவது, பங்கிடுதல். ஈண்டுத்தான் பொருளாற்றலின் இயல்பு வெளிப்படுகின்றது. பறித்த கொழுந்து ஒரு நாளைக்கு மேல் காத்திராது, வாடிப் பயனற்றுப்போம். ஆலையில் ஆக்கிய தூள் சில திங்கள் காத்திருக்கும். வாங்குவோன் கையிலுள்ள பணமோ ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். காத்திருக்க வல்லவன் விலை சொல்லுகின்றான். காத்திருக்க இயலாதவன் சொன்ன விலைக்குக் கொடுக்கின்றான். பொருளாற்றல் என்பது பெரும்பாலும் காத்திருக்கும் ஆற்றலே. இலை வாங்குவோனிடம் முன்பணம் பெற்ற விவசாயிக்கோ, யாருக்குக் கொடுப்பது என்னும் உரிமையும் இல்லை.

ஆதலின் நல்ல நிதிக்கொள்கை யாது? காத்திருக்க இயலாதார்க்குக் காத்திருக்கும் வலிமையைத் தருவது. குறைந்த வட்டிக் கடன் அவ்வலிமையைத் தரும். விவசாயியே பங்காளியாயுள்ள கூட்டுறவு ஆலையும் தரும். தேயிலை வாரியம் மாதந்தோறும் ஏலவிலையின் சராசரியைக் கொண்டு பசுந்தேயிலைக்கு விலை குறிப்பதும் அந்நோக்கினதே. அம்முறையில் தூளின் விலையில் நூற்றுக்கு 65 பங்கு இலை விளைத்தார்க்கும், 35 பங்கு ஆலைக்கும் உரியனவாகக் கணக்கிடப்படும். ஆயினும் ஏலவிலையே தாழுமாயின் தாழ்ந்ததன் பங்கே கிட்டும். கூட்டுறவு ஆலைகளும் அந்த ஏலத்தையே நம்பி நிற்கின்றன. எனவே பங்கீடு செம்மையாதற்கு, தூளின் தரமும் உயரவேண்டும், சந்தைகளும் பலவாகவேண்டும், வீழ்ச்சிக் காலத்துக்கென நல்ல காலத்திலேயே நிதி சேர்த்தலும் வேண்டும்.

“நாட்டின் மொத்தச் செல்வம் பெருகின் யாவர்க்கும் நலம் தானே வாராதோ?” என்று வினவுவாருளர். 1991-க்குப் பின் இந்தியாவின் செல்வம் பெருகியது மெய்யே. அவ்வாண்டுகளிலேயே எம் அத்தையாரின் புத்தகப்பை ஆணியில் தொங்கியதும் மெய்யே. முன்னதை மட்டும் எழுதும் கணக்கு முழுக்கணக்கு ஆகாது. நாட்டு நலத்தைத் தலைநகரின் கருவூலத்தில் அளப்பதோடு, கொழுந்துக் கூடை நிறுக்கப்படும் இடத்திலும் அளத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! மலைநாட்டினின்று இக்கல்லூரிக்கு வந்துள்ள நம்மிற் சிலர் விடுமுறையில் வீடு செல்லுங்கால் ஒன்று செய்யலாம். மாதந்தோறும் வாரியம் குறிக்கும் விலையையும் நம் பெற்றோர் உண்மையிற் பெற்ற விலையையும் ஒரே ஏட்டில் எழுதி வைப்போம். இரண்டும் வேறுபடின், காரணம் வினவுவோம். கணக்கு அறியாதானுடைய பங்கு குறைவது எளிது. எம் அத்தையார் இப்பொழுதும் திருப்பூரிலேயே உள்ளார். இக்கட்டுரையை அவர்க்கு அனுப்பவிருக்கின்றோம். தம் படிப்பு நின்றதன் காரணத்தை அவரும் அறிதல் வேண்டுமன்றோ?