பழைய ஹாப்ஸ் பயன்படுமா?

சென்ற பருவத்தில் எங்கள் பரிசோதனைச் சாலையைத் துப்புரவு செய்தபோது இரண்டு ஹாப்ஸ் பொட்டலங்கள் அகப்பட்டன. ஒன்று மூன்றாண்டுப் பழையது. காற்று நீக்கி மூடியபடியே உறைபெட்டியில் கிடந்தது. மற்றது ஓராண்டுக்கு முன் வாங்கியது. வாய் பிரிந்து அலமாரியில் இருந்தது. தேதியைப் பார்த்துப் பழையதைக் குப்பையில் போடப் போனேன். “முகர்ந்து பார்த்தாயா?” என்றார் பேராசிரியர். பிரித்து முகர்ந்தேன். பழையது புல்லும் எலுமிச்சைத் தோலும் கலந்தாற்போல் மணத்தது. புதியதோ வியர்த்த காலுறைபோல் நாறியது! அன்று கற்றதை நண்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண்பூங்கொத்து. ஜெர்மனியின் ஹாலர்டாவும் அமெரிக்காவின் யாக்கிமாப் பள்ளத்தாக்கும் இதற்குப் பேர்போனவை. நம் நாட்டில் இமாசலத்தின் லாஹௌலில் பயிரிடப்பட்டதுண்டு. பூவிதழ்களின் அடியிலுள்ள மஞ்சள் துகளுக்கு லூபுலின் என்று பெயர். அதிலுள்ள ஆல்பா அமிலங்கள் கொதியில் உருமாறிப் பீருக்குக் கசப்பைத் தருகின்றன. எண்ணெய்கள் மணத்தைத் தருகின்றன. பிராண வாயுவும் வெப்பமும் இவ்விரண்டுக்கும் பகை. அமிலங்கள் சிதையச் சிதையக் கசப்பு குறையும். ஐசோவலேரிக் அமிலம் தோன்றிப் பழஞ்சீஸ் நாற்றம் எழும்.

எனவே முதலில் நிறம் பாருங்கள். பச்சை மங்கிப் பழுப்பேறியிருந்தால் ஐயம் கொள்ளலாம். அடுத்து உள்ளங்கையில் கசக்குங்கள். நல்ல பூ பிசுபிசுக்கும். பின்பு முகருங்கள், முக்கியமான சோதனை இதுவே. ஆய்வுக்கூடத்தில் 275, 325 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி உட்கவரப்படும் அளவுகளின் விகிதத்தைக் காண்பார்கள். புதிய ஹாப்ஸில் அது ஏறக்குறைய கால். பழசாகப் பழசாக உயரும். எங்கள் மூக்கின் தீர்ப்பையே கருவியும் உறுதி செய்தது.

1963-இல் உரிமத் தேவை நீங்கிய இங்கிலாந்திலும், 1978-இல் சட்டம் இடங்கொடுத்த அமெரிக்காவிலும் வீட்டில் பீர் காய்ச்சுவோர் பலர். அவர்கள் முன் நிற்கும் கேள்வியும் இதுதான். மணம் மெலிந்தும் நாற்றம் இல்லாதிருந்தால், கசப்புக்காகத் தொடக்கத்தில் இடும் பங்கைச் சற்றுக் கூட்டி இடலாம். இறுதியில் மணத்துக்காகச் சேர்ப்பது புதியதாகவே இருக்கவேண்டும். நாறுவதை விட்டுவிடுவதே நலம். ஒரு பிடி பூவை மிச்சம் பிடிக்கப்போய் இருபது லிட்டரைப் பாழாக்குவானேன்?

விதிவிலக்கு ஒன்றுண்டு. பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் லாம்பிக் பீர் காய்ச்சுவோர் வேண்டுமென்றே ஹாப்ஸைப் பழசாக்குகிறார்கள். அவர்களுக்குக் கசப்பு வேண்டியதில்லை. பீரைக் கெடாமல் காக்கும் குணம் போதும்.

ஆகவே, எத்தனை ஆண்டு இருந்தது என்பதைவிட எப்படி இருந்தது என்பதே கேள்வி. அன்று முதல் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளையும் அதன்மேல் எழுதி வைக்கிறேன்.